பழைய ஹை ஸ்ட்ரீட் கடைகளை வரிசை பிசகாமல் நினைவில் வைத்திருப்பது எப்படி?

எடின்பரோவை ஒட்டிய போர்ட்டபெல்லோ போன்ற ஸ்காட்லாந்துக் கடலோர ஊர்களில் வளர்ந்தவர்கள், மூடிப்போன கடைகளைக்கூட வரிசையாகச் சொல்வார்கள். ஹை ஸ்ட்ரீட் என்பது ஊரின் முதன்மைக் கடைத்தெரு. போர்ட்டபெல்லோவில் அது கடலுக்கு இணையாக ஓடுகிறது. பக்கத் தெருக்கள் அதிலிருந்து கடற்கரைக்கு இறங்குகின்றன.

காரணம் எளிது. இடத்தையும் நடந்த சம்பவத்தையும் நினைவில் பதிப்பதில் மூளையின் ஒரே பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் பெயர் ஹிப்போகாம்பஸ். அதனால் கடைப்பெயரைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. மனதுக்குள் அந்தத் தெருவில் நடந்தால் போதும், கசாப்புக் கடையைத் தாண்டியதும் அடுத்த கதவு தானாக வந்து நிற்கும். பாட்டின் நடுவரியைக் கேட்டால் திணறுவோம், முதலடியிலிருந்து பாடினால் வந்துவிடும் அல்லவா? அதே மாதிரிதான்.

வாசனையும் ருசியும் சேர்ந்தால் நினைவு இன்னும் ஆழமாகப் பதியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தாலியக் குடும்பங்கள் ஸ்காட்லாந்தில் ஐஸ்கிரீம் கடைகளும் மீன் வறுவல் கடைகளும் திறந்தன. இரண்டு வேஃபருக்கு நடுவே அழுத்தித் தரும் ஐஸ்கிரீம், ஓரமாக உருகி விரலில் வழியும். அதை நக்கிய பிள்ளைக்கு அந்தக் கடை எப்படி மறக்கும்!