கம்பைலருக்கு ஓ2 (நிரலை வேகமாக்கும் நிலை) போட்டால் என் கர்னலின் (இயங்குதளத்தின் மையம்) இன்லைன் அசெம்ப்ளி, அதாவது சி நிரலுக்குள் எழுதிய செயலிக் கட்டளை, தவறாக ஓடுகிறது. கம்பைலரில் பிழையா?

பெரும்பாலும் இல்லை. ஆபரண்ட் பட்டியலை, அதாவது அந்த அசெம்ப்ளிக்கு எவை உள்ளீடு, எவை வெளியீடு என்று கம்பைலருக்குச் சொல்லும் பட்டியலைத்தான் முதலில் பாருங்கள். இதே இடத்தில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வீட்டிலிருந்தபடி ஒரு சின்னக் கர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். திரையின் வரிகளை ஒவ்வொன்றாக மேலே நகர்த்த ‘ரெப் மூவ்ஸ்பி’ என்ற, பைட்டுகளை நகலெடுக்கும் கட்டளை. முகவரிகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ என்ற ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) இரண்டிலும், வரியின் நீளம் ஆர்சிஎக்ஸிலும். மூன்றையும் வெறும் உள்ளீடு என்று எழுதிவிட்டேன். ஓ0-வில் (வேகமாக்கல் இல்லாத நிலை) ஒழுங்காக ஓடியது. ஓ2 போட்டதும் முதல் வரி மட்டும் நகர்ந்தது, மிச்சமெல்லாம் அப்படியே நின்றது.

அந்தக் கட்டளை முடியும்போது ஆர்சிஎக்ஸ் பூச்சியமாகிவிடும். நான் பயன்படுத்திய கம்பைலரான ஜிசிசிக்கு அது தெரியாது. அசெம்ப்ளி வரிக்கு என்ன அர்த்தம் என்று அது பார்ப்பதில்லை. உள்ளீடு என்று சொன்னால் அந்த ரெஜிஸ்டர் மாறாது என்று நம்பிவிடும். அதனால் நீளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று அடுத்த சுற்றுக்குப் போனது, பூச்சியம் பைட்டை நகலெடுத்தது. ஓ0-வில் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கிலிருந்து நீளத்தைப் புதிதாக எடுத்ததால்தான் தப்பியது. அம்மா கொழுந்து பறித்த காலத்தில், கூடையில் எவ்வளவு இருந்தாலும் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) விழுந்ததற்குத்தான் சம்பளம். ஆபரண்ட் பட்டியலும் செக்ரோல் மாதிரிதான்.

சரி, எப்படித் திருத்துவது? கிளாபர் பட்டியலில் (ஆபரண்ட் தவிர அசெம்ப்ளி மாற்றிவிடும் மற்றவற்றைச் சொல்லும் இடம்) ஆர்சிஎக்ஸைப் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே ஆபரண்டாக இருக்கும் ரெஜிஸ்டரை அங்கே எழுத ஜிசிசி விடாது. மூன்றையும் ‘+’ (படிக்கவும் படும், எழுதவும் படும்) குறியோடு வெளியீட்டுப் பக்கம் எழுத வேண்டும். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. வெளியீடே இல்லாத அசெம்ப்ளியை ஜிசிசி தானாகவே வாலட்டைல் (நீக்கக்கூடாதது) என்று எடுத்துக்கொள்ளும். வெளியீடு வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்த மதிப்புகளை யாரும் பயன்படுத்தாவிட்டால் முழுத் துண்டையும் நீக்கிவிடலாம். வாலட்டைலை நாமே எழுத வேண்டும். நினைவகத்தைத் தொடுவதால் ‘மெமரி’ கிளாபரும் கட்டாயம்.

உங்கள் துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் இருந்தால் ‘&’ குறியையும் கவனியுங்கள். உள்ளீடுகளைப் படித்து முடித்த பிறகுதான் வெளியீடு எழுதப்படும் என்று நினைத்து, இரண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டரைக் கம்பைலர் கொடுக்கலாம். முதல் கட்டளையே வெளியீட்டை எழுதினால் உள்ளீடு அழிந்துவிடும். அப்படி ஒரே ரெஜிஸ்டரைக் கொடுக்காதே என்று சொல்வதுதான் அந்தக் குறி.

கம்பைலரின் ஆதரவே போதாமல் போன சந்தர்ப்பங்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். 2018-இல் லினக்ஸ் 4.17 வந்தபோது எக்ஸ்86 செயலிகளுக்கு ‘அசம் கோட்டு’ (அசெம்ப்ளியிலிருந்து சி நிரலின் வேறு இடத்துக்குத் தாவும் வசதி) கட்டாயமானது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் அது 2019-இல், 9-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதிலேயே வெளியீடும் வைத்துக்கொள்ளும் வசதிக்குக் கிளாங் 11, ஜிசிசி 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அப்படி ஆதரவு இல்லாத இடத்தில் கம்பைலர் கட்டும்போதே நின்றுவிடும். உங்களுடையது கட்டி முடிந்து, ஓடும்போது தவறுகிறது.

அதனால் ஆப்ஜ்டம்ப்பில் (கட்டிய நிரலை அசெம்ப்ளியாகக் காட்டும் கருவி) அந்த ஃபங்ஷனைத் திறந்து, உங்கள் கட்டளைக்குப் பின்னால் எந்த ரெஜிஸ்டர் திரும்பப் படிக்கப்படுகிறது என்று தேடுங்கள்.