காந்தம் காட்டிக் கொடுக்காத எவர்சில்வர்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உலோகங்களைப் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: கடலுக்கு எதிரே வீடு. பால்கனிக்கு எவர்சில்வர் கம்பி போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. காந்தத்தை வைத்து, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் சரக்கு" என்று காட்டித்தான் விற்றார்கள். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், இசிபிங்கோ

கடைக்காரரைத் திட்டாதீர்கள் தம்பி, அவரும் காந்தத்தை நம்பியவராக இருக்கலாம். உங்கள் கம்பி 304 ரகமாக இருக்க வேண்டும்: ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சமையலறைக்குத் தாராளமாகப் போதும். உப்புக்காற்றுக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதல். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குவதுதான் வழி. உங்கள் வீட்டுக் கத்தியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான். உலகிலேயே அதிகமாகக் குரோமியத் தாதுவை வெட்டியெடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு நாம் காந்தத்தோடு அலைகிறோம்!

புள்ளிகள் மேலோட்டமானவை. நல்ல தண்ணீரில் சோப்பு கலந்து துடையுங்கள், வாரம் ஒரு முறை உப்பைக் கழுவிவிடுங்கள். இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். அதன் துகள் ஒட்டிக்கொண்டு தானும் துருப்பிடிக்கும், கம்பியையும் கெடுக்கும்.

கேள்வி: பாட்டியின் குத்துவிளக்கு வெண்கலமா பித்தளையா என்று வீட்டில் சண்டை. புளி போட்டுத் தேய்த்தால் அங்கங்கே சிவக்கிறது. ஏன்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

சிவப்பதைப் பார்த்தால் பித்தளை என்பவர்கள் பக்கம்தான் சாய்கிறேன் அம்மா. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். புளிப்பு அதிக நேரம் தங்கினால் பித்தளையின் மேல்பரப்பில் செம்பு நிறம் தலைகாட்டும். பயப்பட வேண்டாம், புளியை ஊறவிடாமல் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

ஆனால் கடல்நீரில் கதையே வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இழுவைப் படகின் கடல்நீர்ப் பம்புக்கு வெண்கல போல்ட் கடையச் சொன்னார்கள். கைக்கெட்டிய பித்தளைக் கம்பியில் கடைந்துவிட்டேன், நிறம்தான் ஏறக்குறைய ஒன்றாயிற்றே! சில மாதம் கழித்து ஸ்பேனரை வைத்துத் திருகியதும் தலை மட்டும் கையோடு வந்தது. முறிந்த முகத்தில் மஞ்சளே இல்லை. செங்கல் நிறம், நகத்தால் கீறினால் உதிர்ந்தது. துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் பஞ்சுபோல விட்டிருந்தது. மேஸ்திரி திட்டவில்லை. முறிந்த துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். இன்றும் என் மேசையில்தான் இருக்கிறது.

கேள்வி: கல்யாண வீட்டு அலுமினிய அண்டாவில் ரசம் வைக்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளிப்பு அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ரசம் வைத்தே ஆக வேண்டுமென்றால், கொதித்ததும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.