பழைய போல்ட், ஈரப் பாறை, பாறுக் கழுகு: பாறையேற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் ஏறும் கருங்கல் பாறையில் போல்ட்டுகள் (கயிறு மாட்டப் பாறையில் பதித்த உலோக ஆணிகள்) துருப்பிடித்துவிட்டன. பக்கத்திலேயே புதுத் துளை போட்டுவிடலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால் பாறை சல்லடையாகிவிடும். முடிந்தவரை பழைய துளையையே பயன்படுத்துங்கள். நட்டைக் கழற்றி ஹேங்கரை (கயிறு மாட்டும் உலோகத் தகட்டை) எடுத்துவிட்டு, போல்ட்டைச் சுத்தியலால் லேசாக உள்ளே தட்டுங்கள். விரிந்து பிடித்திருக்கும் வளையம் தளரும். பிறகு டிரில்லில் பொருத்திச் சுழற்றினால் வளையம் போல்ட் நுனியின் கூம்பைத் தேய்த்துவிடும். சுழற்றிக்கொண்டே இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். 10 மி.மீ. துளையை 12 மி.மீ. ஆக்கிப் புதியதைப் போடலாம். வரவே வராது என்றால் மட்டும் பாறையோடு ஒட்ட அறுத்து, பாறைத்தூள் கலந்த எபாக்ஸிப் பசையால் மூடிவிட்டு, ஒரு சாண் தள்ளித் துளையிடுங்கள்.

உங்கள் போல்ட் சீக்கிரம் துருப்பிடித்ததற்கு நாங்கள் சந்தேகப்படும் காரணம்: துத்தநாகப் பூச்சு போல்ட், ஸ்டெயின்லெஸ் ஹேங்கர். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் மட்டமானதுதான் முதலில் அரிபடும். போல்ட், நட், ஹேங்கர் மூன்றும் ஒரே தர ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். கடலிலிருந்து தள்ளிய இடங்களுக்கு 304 தரம் போதும், 316 நல்லது. கடலோரத்தில் அதுவும் நம்பத்தக்கதல்ல; தாய்லாந்தின் ரெய்லேயில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளே விரிசல் விட்டு முறிந்ததால் டைட்டானியத்துக்கு மாறினார்கள்.

பசை வைத்துப் பதிக்கும் போல்ட் என்றால் துளையை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூள் மிச்சமிருந்தால் பசை பாறையைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். ஒரு முழு நாள் அதில் எடை ஏற்றாதீர்கள்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் கர்நாடகத்தின் பாதாமியில் ஏறலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். பாதாமியின் மணற்கல் கெட்டியானது என்றாலும் மணற்கல்தான். மேல்பரப்பு வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். கல்லின் நுண்துளைகளுக்குள் நீர் இருக்கும்வரை மெல்லிய விளிம்புகள் பலம் குறைந்தே இருக்கும். கையோடு பெயர்ந்து வந்த பிடி திரும்ப முளைக்காது. பாறை அடிவாரத்து மண்ணை விரலால் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். கனமழைக்குப் பின் இரண்டு, மூன்று நாள். ஜெர்மனியின் எல்ப் மணற்கல் மலைகளில் ஈரப் பாறையில் ஏறவே தடை. கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடருக்கும் தடை.

கேள்வி: ராமநகரத்தில் பாறுக் கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) இருக்கின்றனவாம். எங்கே ஏறலாம்? (வாசகர், பெங்களூரு)

பதில்: ராமதேவர பெட்டா 2012 முதல் பாறுக் கழுகுச் சரணாலயம், அதை விட்டுவிடுங்கள். சுற்றியுள்ள குன்றுகளிலும் விளிம்புக்குக் கீழே வெள்ளை எச்சக் கோடு தெரிந்தால், தூரத்திலிருந்து பைனாகுலரில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாறைகளில் கூடு கட்டும் கருங்கழுத்துப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். தாய்ப்பறவை பதறி எழுந்தால் அந்த முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் போய்விடும். குளிர்காலம்தான் அவற்றுக்கு முட்டையிடும் பருவம், நமக்கு ஏறும் பருவமும் அதுவே. பறவை தலைக்கு மேல் வட்டமிடத் தொடங்கினால் கயிற்றை இறக்குங்கள்.

கேள்வி: அரிட்டாபட்டியில் ஏறலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சமணர் படுக்கையும் தமிழி கல்வெட்டும் உள்ள குன்றில் சாக் பொடிக்கு என்ன வேலை?