நீச்சல் குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

முகவர் மூலம் வீட்டை வாடகைக்கு விடப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நீச்சல் குளத்துக்குக் குடியிருப்பவரே முழுப் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதாதா?”

போதாது. வாடகை வீடுகளை நிர்வகிப்பதுதான் என் தொழில். அந்த வரியைப் பல ஒப்பந்தங்களில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. வேலி உங்களுடையது, கதவு உங்களுடையது, பம்ப் உங்களுடையது. அவற்றைப் பழுதுபார்க்கும் உரிமையும் பணமும் குடியிருப்பவரிடம் இல்லை. அப்படியிருக்க, பொறுப்பை மட்டும் அவர் தலையில் கட்டுவது எந்த விதத்தில் நியாயம்? சட்டமும் பல இடங்களில் உரிமையாளரைத்தான் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2016 ஏப்ரல் 29 முதல், குளம் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ் இல்லாமல் அத்தகைய தனி வீட்டை வாடகைக்கு விட முடியாது. அந்தச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிரான்ஸில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரையில் பதித்த வீட்டுக் குளத்துக்குத் தடுப்பு வேலி, எச்சரிக்கை மணி, மூடி, மூடுகூரை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். உங்கள் ஊர் விதி என்ன என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதியே இல்லையென்றாலும் நான் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் கதவு. ஆஸ்திரேலியத் தரவிதிகள் வேலிக்கு 1.2 மீட்டர் உயரம் கேட்கின்றன, கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கின்றன. இவையெல்லாம் ஒருமுறை கட்டினால் நிற்கும். கதவு அப்படியல்ல, அது நாளுக்கு நாள் மாறும். தூண் லேசாகச் சாயும், கீலில் உள்ள ஸ்பிரிங் தளரும், தாழ்ப்பாளின் நாக்கு குழிக்குள் விழாமல் விளிம்பில் மோதி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கதவு மூடியிருப்பது போலவே தெரியும். ஆகவே கதவை முழுவதும் திறந்து கையை விடுங்கள். பிறகு நான்கு விரல் அகலம் மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு முறையும் தானாக மூடித் தானாகத் தாழ் விழ வேண்டும். பெரும்பாலான கதவுகள் தோற்பது இரண்டாவது சோதனையில்தான். கதவு குளத்துக்கு வெளிப்புறமாகத் திறப்பதும் முக்கியம். தாழ் விழாமல் போனாலும், வெளியிலிருந்து சாய்ந்து தள்ளும் குழந்தை கதவை மூடவே செய்யும்.

அடுத்தது வேலியைச் சுற்றியுள்ள பொருள்கள். பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசியின் வெளிப்பெட்டி, எதுவானாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது படிக்கட்டு. நாற்காலியைத் தள்ளி வைப்பதும், சாமான் ஏற்றும்போது கதவைக் கயிற்றால் கட்டி வைக்காமல் இருப்பதும், குழந்தைகளைக் கண்ணெதிரே வைத்திருப்பதும் குடியிருப்பவரின் கடமை. அதைச் சாவி கொடுக்கும் நாளிலேயே வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். காற்றடைத்த குளம் வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் குளம் எதுவானாலும் வேலி வேண்டும்.

பலரும் மறக்கும் இடம் குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி. 2002-இல் அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சியதில் நீருக்கடியில் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவள் பெயரிலேயே 2007-இல் வடிகால் மூடிகளுக்கான சட்டம் வந்தது. அந்த மூடியைப் பொருத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுக் குளங்களுக்குத்தான். ஆனால் உறிஞ்சும் விசைக்கு வீட்டுக் குளம், பொதுக் குளம் என்ற பேதம் கிடையாது. மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை பம்ப் ஓடக் கூடாது, யாரும் குளத்தில் இறங்கவும் கூடாது.

முகவரின் பங்கு பார்ப்பதும் எழுதுவதும். ஒவ்வொரு முறை வீட்டைப் பார்வையிடும்போதும் கதவைச் சோதித்து, தேதியோடு படம் எடுத்து, குறையை அன்றே உரிமையாளருக்கு எழுத வேண்டும். வீடு காலியாக இருக்கும் வாரங்களில் தண்ணீர் பச்சையாகி அடி தெரியாமல் போகும். அந்த நேரத்தில்தான் வீடு பார்க்க வருபவர்கள் குழந்தைகளோடு வருகிறார்கள். பெரியவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கையில் குழந்தை பின்வாசல் வழியே போய்விடும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. அதனால் வீடு காட்டும் நாளில் குளத்தின் கதவைப் பூட்டி வைப்பது, முகவராக நான் யாருக்காகவும் தளர்த்தாத ஒழுங்கு.

எழுதியும் உரிமையாளர் பழுதுபார்க்காவிட்டால்? முகவர் அந்த வீட்டை வாடகைக்குக் காட்டுவதை நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தியிருக்கிறேன். கமிஷன் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.