47 வயதில் பத்து நாள் உதிரப்போக்கு: கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

உங்களுக்கு 47 வயது என்றும், ஆறு மாதமாக மாதவிடாய் பத்து நாள் வரை கட்டி கட்டியாகப் போகிறது என்றும், வீட்டார் அதை நிற்கப்போகிற வயதின் குணம் என்று சொல்ல, அயலில் உள்ளவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிடும்படி சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 15 வயது மகளுக்கும் பெரியபிள்ளையான நாள் முதல் அதிகமாகவே போகிறது என்பதைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல, யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆனால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னர் கர்ப்பப்பையை எடுக்கவும் சம்மதிக்காதீர்கள், வயதின் குணம் என்று பேசாமலும் இருக்காதீர்கள்.

எனக்கு 46 வயதில் இது தொடங்கியபோது, என் அம்மா “நிக்கப்போற வயசு பிள்ளை, எல்லாருக்கும் உப்பிடித்தான்” என்றார். அதை நம்பி ஒன்பது மாதம் இருந்துவிட்டேன். மேல்மாடி வகுப்புக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. அரிசி புடைக்கும்போது அதைப் பச்சையாக அள்ளி மென்று தின்ன வேண்டும் போலிருந்தது. அந்த ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. குருதியைப் பரிசோதித்தபோது ஈமோகுளோபின் 7.4 ஆக இருந்தது. கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு அது 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. ஆகவே உங்கள் முதல் வேலை ஸ்கான் அல்ல, இந்தக் குருதிப் பரிசோதனை.

24 நாள் முதல் 38 நாள் வரையான இடைவெளியில் வந்து, எட்டு நாளுக்குள் முடிவதே வழமையான மாதவிடாய். ஒருமுறைக்கு 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அதிகம் என்று முன்பு கணக்கிட்டார்கள். வீட்டில் யாரால் அதை அளக்க முடியும்? அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதுவே அதிகம் என்பதுதான் இப்போதைய மருத்துவப் பார்வை. ஒரு கொப்பியில் திகதி, மாற்றிய பாட் எத்தனை, இரவில் எழுந்து மாற்றினீர்களா, இடையில் துளி கண்டதா என்று எழுதி வாருங்கள். ஒரு பாட் ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்து, அது தொடர்ந்து நடந்தாலோ, தலைசுற்றி விழப்பார்த்தாலோ கொப்பியை விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

“கட்டி” என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. உறைந்து வெளியேறும் இரத்தத்தையும் கட்டி என்கிறோம், கர்ப்பப்பைத் தசையில் வளரும் பைப்ரோயிட்டையும் கட்டி என்கிறோம், அந்தச் சொல்லைக் கேட்ட உடனே புற்றுநோய் என்று பயப்படுகிறோம். மருத்துவரிடம் எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பைப்ரோயிட் புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. அது எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். எனக்கு ஸ்கானில் மூன்று கட்டிகள் தெரிந்தன. வெளிப்பக்கம் நோக்கி வளர்ந்திருந்த பெரிய கட்டியை நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருக்க, மருத்துவரோ கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்த இரண்டு சென்ரிமீற்றர் கட்டிதான் இவ்வளவு இரத்தத்துக்கும் காரணம் என்றார். வயிற்றை வெட்டாமல், கர்ப்பப்பை வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி அதை மட்டும் அகற்றினார்கள். மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பின்னர் அவை பொதுவாகச் சுருங்கும் என்றார்கள்.

உங்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சவ்வில் வளரும் பொலிப் என்ற சதை வளர்ச்சி, அந்த உட்சவ்வு தசைக்குள் ஊடுருவிக் கடும் வலி தரும் அடினோமயோசிஸ், தைரொயிட் குறைபாடு, குருதி உறையாமலிருக்க எடுக்கும் மருந்து ஆகிய எதுவும் இதைச் செய்யும். கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசையை மருத்துவரைக் கேட்காமல் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டார் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு: இந்த வயதில் சில மாதங்களில் முட்டை வெளியேறாததால் உட்சவ்வு தடித்து, பின்னர் ஒழுங்கில்லாமல் அதிகமாகக் கொட்டும். ஆனால் அதே தடிப்பு சிலருக்குப் புற்றுநோயின் முன்நிலையாகவும் இருக்கும். அதனால்தான் 45 வயதுக்கு மேற்பட்டவருக்கு உட்சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். உடற்பருமனும் நீரிழிவும் இருந்தால் இது இன்னும் அவசியம்.

சுகவனிதையர் கிளினிக்கில் செய்த பாப் பரிசோதனை சரியாக வந்தது என்று ஆறுதலடைய வேண்டாம். அது கர்ப்பப்பையின் கழுத்தைப் பார்க்கும் பரிசோதனை. உட்சவ்வைப் பற்றி அதை நம்பி முடிவெடுக்க முடியாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு துளி கண்டாலும் தாமதிக்கக் கூடாது என்பதையும் உங்கள் அம்மா, மாமி எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்குச் சரியான சிகிச்சைதான், ஆனால் பலருக்கு அது முதற் படியல்ல. உதிரம் போகும் நாட்களில் மட்டும் எடுக்கும் ட்ரனெக்சமிக் அமிலக் குளிசை போக்கைப் பாதியளவு வரை குறைக்கக்கூடியது. காலின் இரத்த நாளத்தில் குருதி உறைந்த வரலாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹோர்மோன் சுரக்கும் லூப் பல வருடம் வேலை செய்யும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. நான் தேசிக்காய்த் தண்ணீருடன் எடுத்தேன்.

மகளைப் பற்றிக் கடைசியில் எழுதினீர்கள். எனக்கு அதுதான் அதிக கவலை தந்தது. பெரியபிள்ளையான முதல் ஓரிரு வருடங்களில் நாள் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே கொட்டினால், அதோடு மூக்கால் இரத்தம் வடிவது, பல் பிடுங்கினால் நிற்காதது, தொட்ட இடமெல்லாம் கண்டிப்போவது ஆகியனவும் இருந்தால், வொன் வில்லிபிராண்ட் போன்ற குருதி உறையாமைக் குறைபாட்டைச் சோதிக்க வேண்டும். அதுவரை அஸ்பிரின் கொடுக்காதீர்கள். இந்தக் குறைபாடு பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. ஆகவே மகளைக் கூட்டிக்கொண்டு போகும் அன்று, உங்கள் கொப்பியையும் அதே மருத்துவரிடம் காட்டுங்கள்.