ஐஎல்எஸ் கதிர் வளையும்போது: மியூனிக் 2011 பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், மியூனிக்கில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777 ஓடுதளத்தை விட்டு விலகியதற்கு லோக்கலைசர் பழுதுதான் காரணமா?

பதில்: லோக்கலைசர் என்பது ஓடுதளத்தின் நடுக்கோட்டைக் காட்டும் ரேடியோ கதிரை அனுப்பும் கருவி; ஐஎல்எஸ் என்ற தரையிறங்கு வழிகாட்டி அமைப்பின் ஒரு பகுதி. கருவியில் பழுதே இல்லை. 2011 நவம்பர் 3 அன்று, எஸ்கியூ 327 என்ற அந்த விமானம் மான்செஸ்டரிலிருந்து வந்து 08 வலது ஓடுதளத்தில் ஆட்டோலேண்ட் (ஆட்டோபைலட்டே தரையிறக்குவது) செய்துகொண்டிருந்தது. அதே ஓடுதளத்திலிருந்து ஆவ்ரோ ஆர்ஜே85 என்ற இன்னொரு விமானம் அதற்குச் சற்று முன்னால்தான் கிளம்பியிருந்தது. லோக்கலைசர் ஆன்டெனா இருப்பது ஓடுதளத்தின் மறுமுனைக்கு அப்பால். மேலேறிய ஆர்ஜே85 அந்த ஆன்டெனாவைக் கடந்த நேரத்தில் 777 தரையைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது. அலை சிதறிக் கதிர் வளைந்தது. ஆட்டோபைலட் அந்த வளைவைப் பின்தொடர்ந்து இடப்பக்கம் சாய்ந்தது. விமானம் இடப்புறப் புல்லில் இறங்கி, திரும்பி, ஓடுதளத்தைக் குறுக்கே கடந்து வலப்புறப் புல்வெளியில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை.

கேள்வி: அப்படியானால் கோபுரம் ஏன் இன்னொரு விமானத்தைக் கிளம்பவிட்டது?

பதில்: வானிலை கேட் 1, அதாவது ஐஎல்எஸ் தரையிறக்கத்தின் அடிப்படை வகைக்குப் போதுமான அளவில் இருந்தது, குறைந்த பார்வைநிலை நடைமுறை அமலில் இல்லை. அது அமலில் இருந்தால் கிளம்பும் விமானம், வருகிற விமானம் தரைதொடும் இடத்துக்கு 2 கடல் மைல் தொலைவுக்குள் வருமுன்பே ஆன்டெனாவைக் கடந்துவிட வேண்டும். ஆன்டெனாவைச் சுற்றியுள்ள உணர்திறன் பகுதியில் எதுவும் நிற்கக் கூடாது. சாதாரண நாளில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விமானங்களை நெருக்கமாக அனுப்பத்தான் செய்வார்கள். ஆட்டோலேண்ட் செய்யப்போவதாக விமானிகள் கோபுரத்திடம் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளருக்கு அது தெரிய வழியில்லை.

வானிலை நன்றாக இருக்கும் நாளில் ஆட்டோலேண்ட் செய்வது குற்றமில்லை, பயிற்சிக்கும் அது தேவை. ஆனால் கோபுரத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதுகாப்புத் தர முடியாது என்று பதில் வந்தால், கையால் இறக்குவதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: சிக்னல் கெட்டால் மானிட்டர் தானாகவே ஐஎல்எஸ்ஸை அணைத்துவிடும் என்று படித்தேனே? (விமானப் பொறியியல் மாணவன்)

பதில்: மானிட்டர் காவல் காப்பது டிரான்ஸ்மிட்டரைத்தான். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் 90, 150 ஹெர்ட்ஸ் பண்பேற்றங்களின் விகிதம் பிசகினால் அது அணைக்கும். வழியில் ஒரு விமானத்தில் பட்டுத் தெறிக்கும் அலை வேறு சங்கதி. ஓடுதள வாசலில் (தரையிறங்கும் முனையில்) இருக்கும் விமானத்துக்குக் கிடைக்கிற சிக்னலும் ஆன்டெனா அருகில் மானிட்டர் பார்க்கிற சிக்னலும் ஒன்றல்ல. அதனால்தான் சிக்னலை நம்பாதே என்று விமானிக்குக் காட்டும் எச்சரிக்கைக் கொடி விழவில்லை.

கேள்வி: அண்ணா, சிமுலேட்டரில் லோக்கலைசர் முள் ஒரு புள்ளி விலகினால் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். நிஜத்தில் அது எத்தனை மீட்டர்?

பதில்: தூரத்தைப் பொறுத்தது. லோக்கலைசரின் முழு விலகல், ஓடுதள வாசலில் நடுக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 105 மீட்டர் வருமாறு அமைக்கப்படும். இரண்டு புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளி என்றால் 50 மீட்டருக்கு மேல். மியூனிக் ஓடுதளத்தின் அகலம் 60 மீட்டர், அதாவது நடுக்கோட்டிலிருந்து 30 மீட்டர்தான். வாசலில் ஒரு புள்ளி விலகினால் நீங்கள் ஏற்கெனவே புல்லுக்கு மேலே இருக்கிறீர்கள்! அதே ஒரு புள்ளி 10 கடல் மைலில் சுமார் 275 மீட்டர்; அங்கே நிதானமாகத் திருத்தலாம். சிமுலேட்டரிலும் 1,000 அடிக்குக் கீழே ஒரு புள்ளியைத் தாண்டினால் சுற்றிப் போய் (தரையிறங்காமல் மேலேறி, மறுபடி வந்து) பழகுங்கள்.

கேள்வி: காற்று தள்ளுகிறதா, கதிர் வளைகிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: காற்று தள்ளினால் முள்ளும் ஓடுதளமும் ஒரே பக்கம் நகரும். இடப்புறம் ஒதுங்கினால் முள் வலது, வெளியே ஓடுதளமும் வலது. கதிர் வளைந்தால் இரண்டும் ஒத்துப்போகாது: முள் நடுவிலேயே நிற்கும், விமானம் காரணமில்லாமல் சாயும், ஓடுதள விளக்குகள் ஒரு பக்கம் ஒதுங்கும். அப்போது கண்ணை நம்புங்கள். ஆட்டோபைலட்டைத் துண்டித்துக் கையால் திருத்துங்கள், அல்லது சுற்றிப் போங்கள்.

50 அடிக்குக் கீழே இதைக் கவனித்து முடிவெடுக்கச் சில நொடிகள்தான். எனவே இறங்கும்போது கை கட்டுப்பாட்டிலும் த்ரஸ்ட் லீவரிலும், கால் பெடலிலும் இருக்கட்டும்.

கேள்வி: மியூனிக்கில் கோ-அரவுண்ட் (சுற்றிப் போகும்) பொத்தானை அழுத்தியும் ஏன் மேலேறவில்லை?

பதில்: அழுத்தும்போது பிரதான சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. தரையில் அந்தப் பொத்தான் செயல்படாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். ஆட்டோபைலட் விலகாமல், தரையோட்டத்திலும் கெட்டுப்போன லோக்கலைசரையே பின்பற்றியது. பொத்தானை அழுத்தியதும் ஃபிளைட் மோட் அறிவிப்பை, அதாவது ஆட்டோபைலட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று திரையில் காட்டுவதைப் பாருங்கள். மாறவில்லை என்றால் பொத்தானை மறந்துவிடுங்கள். ஆட்டோபைலட்டைத் துண்டித்து, இறங்குவதானால் பெடலால் நடுக்கோட்டைப் பிடியுங்கள்.

கேள்வி: கிளைடு ஸ்லோப்பும் (இறங்கும் சரிவைக் காட்டும் கதிர்) இப்படி ஏமாற்றுமா?

பதில்: ஏமாற்றும். 2000 ஜூலையில் சமோவாவின் அபியாவில், ஏர் நியூசிலாந்து 60 என்ற 767-க்கு முள் நடுவிலேயே நின்றது, கொடியும் விழவில்லை. விமானமோ ஓடுதளத்துக்கு வெகு முன்பே தாழ்ந்துவிட்டது. விமானிகள் கவனித்துச் சுற்றிப் போனார்கள். இங்கே கணக்கு உதவும். 3 டிகிரி சரிவில் ஒரு கடல் மைலுக்கு சுமார் 320 அடி. வாசலிலிருந்து 4 மைலில் ஓடுதள மட்டத்துக்கு மேல் 1,300 அடி சுமாருக்கு இருக்க வேண்டும். டிஎம்இ (தரை நிலையத்திலிருந்து உள்ள தூரத்தைக் காட்டும் கருவி) காட்டும் தூரத்தை இதோடு ஒப்பிடுங்கள். ஆனால் டிஎம்இ எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்று வரைபடத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா ஊரிலும் அது வாசலில் பூஜ்யம் காட்டாது.

கேள்வி: எஃப்எம் வானொலி குறுக்கிடுமா?

பதில்: வானொலி 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, லோக்கலைசர் 108.10-இல் தொடங்குகிறது. அதனால்தான் விமான ரிசீவர்களுக்கு எஃப்எம் தடுப்புத் தரம் கட்டாயமாக்கப்பட்டது. அந்தத் தரத்துக்கு ஏற்ற ரிசீவர் என்றால் கவலை வேண்டாம்.