'நீர் புகாது' என்றால் போதுமா?

கேள்வி: கடலில் மூழ்கும்போது குளிர் தாங்கப் போடும் வெட்சூட்டின் முழங்காலில் விரல் நீளக் கிழிசல். நொடியில் ஒட்டும் பசையைப் போட்டேன். முதல் நாளே அதே இடத்தை ஒட்டி மறுபடி கிழிந்துவிட்டது. குப்பியில் 'நீர் புகாது' என்றுதான் இருந்தது.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. இந்த இரண்டு வார்த்தைகள் மேல் எனக்கு வெகுநாள் கோபம். வெட்சூட் என்பது நியோப்ரீன் என்ற நுரை ரப்பர்; அதன் மேல் நைலான் துணி. முழங்காலை மடக்கும்போதெல்லாம் அது இழுபடும். நொடிப்பசையோ காய்ந்ததும் விறைத்துவிடும். விறைத்த இடத்தின் ஓரத்தில்தான் ரப்பர் கிழியும். காய்ந்த பிறகு வளையுமா என்பதுதான் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது. அதை மட்டும் எழுத மாட்டார்கள். நானும் அப்படி ஒரு குப்பியை நம்பி, நல்ல சூட் ஒன்றின் கைப்பகுதியைப் பாழாக்கினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. விறைத்த ஓரத்தைப் பிளேடால் மெல்லிசாக வெட்டி எடுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே ஈரமே இல்லாமல் காய விடுங்கள். நியோப்ரீனுக்கென்றே விற்கும் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, 5 முதல் 10 நிமிடம் பொறுத்து, இன்னொரு பூச்சு கொடுங்கள். ஈரப்பசை போய்ப் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும்போது ஓரங்களைச் சேர்த்து அழுத்துங்கள். சேர்த்தால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் முதலிலேயே நேராக வையுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்: அந்தப் பசையின் ஆவி தீப்பற்றும்.

கேள்வி: பசை எதற்கு, தைத்தால் போதாதா?

பதில்: போதாது. நுரையைத் துளைத்துத் தைத்தால் ஊசித் துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரும். ஒட்டிக் காய்ந்த பிறகு, வளைந்த ஊசியால் மேல் துணியை மட்டும் பிடித்துத் தையுங்கள். பாலியஸ்டர் நூல்தான், பருத்தி நூல் மக்கிவிடும்.

கேள்வி: உப்புத் தண்ணீரோடு சுருட்டிக் காருக்குள் இரண்டு வாரம் விட்டேன். தையல் பிரிந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: அவர் மறுப்பது நியாயம்.

கேள்வி: '5 மி.மீ., புதுசு போல' என்ற படத்தைப் பார்த்துப் பழைய சூட் வாங்கினேன். ஓட்டை எதுவும் இல்லை, ஆனாலும் குளிர்கிறது. எங்கே ஒட்டுவது?

பதில்: எங்கேயும் ஒட்ட வேண்டாம். ஆழத்துக்குப் பலமுறை போய்வந்த நியோப்ரீன் நசுங்கி மெலிந்துவிடும். உள்ளிருக்கும் வாயுக் குமிழிகள்தான் குளிரைத் தடுப்பவை. அந்த 5 மி.மீ. என்பது ரப்பரின் தடிமன்; நெஞ்சிலும் முதுகிலும் அதை அளந்து படம் எடுங்கள். அப்புறம் விளம்பர வாசகத்தையும் சேர்த்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், சொன்ன பொருளை அவர் தரவில்லை.